பாலைவனத்தில் காயக் காய ராடர் ஈரம் என்று காட்டுகிறதே, ஏன்?

வெள்ளவத்தை யாழினி:

எல்லாருக்கும் வணக்கம். கடைசி வருட ஆய்வுக்காக சென்டினல்-1 செய்மதியின் ராடர் தரவை எடுத்து, ஓமானின் தெற்கே சலாலா மலைக்குப் பின்னால் இருக்கும் பாலைவனத்தில் மண் ஈரப்பதன் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொழும்பில் இருப்பவளுக்கு ஏன் ஓமான் என்று கேட்பீர்கள். சேர் சொன்ன காரணம்: இலங்கையில் எங்கே திரும்பினாலும் மரம், வயல், குளம், எல்லாம் சேர்ந்து சமிக்ஞையைக் குழப்பும், பாலைவனத்தில் வெறும் மண்தானே, வேலை சுலபம்.

2018 மே 25 இல் மெகுனு புயல் சலாலாவுக்குப் பக்கத்தில் கரைகடந்து பேய்மழை பெய்தது. அதை நடுவில் வைத்து, அலையைச் செங்குத்து அதிர்வில் அனுப்பி அதே அதிர்வில் பெறும் வீவீ முனைவாக்கத்தில் வரைபு போட்டேன். புயலுக்கு அடுத்த படத்தில் பின்சிதறல், அதாவது நிலத்தில் பட்டு ராடருக்குத் திரும்பி வரும் அலையின் பலம், ஏறியிருக்கிறது, சரி. பிறகு இறங்குகிறது, அதுவும் சரி. ஆனால் புயலுக்கு முந்திய அளவில் நிற்காமல் அதற்கும் கீழே போய்விட்டு, பிறகு வெயில் கொளுத்தும் ஜூலை, ஓகஸ்டில் மெல்ல மெல்ல ஏறுகிறது. ஒக்டோபர் நடுவில் திடீரென்று திரும்பவும் விழுகிறது. இதை அப்படியே ஈரப்பதனாக மாற்றினால் ஓகஸ்டில் மண் நனைந்திருக்கிறது, மழைக்குப் பிறகு காய்ந்திருக்கிறது என்று வருகிறது. பின்சிதறல் கூடினால் ஈரம் கூடுகிறது என்றுதானே எல்லாப் பாடத்திலும் இருக்கிறது?

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. பெரிய மணல்மேடுகள் இருக்கும் வடக்குப் பக்கத்தில் வரைபு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. நடுவில் இருக்கும் சமவெளியில்தான் இந்தக் கூத்து. எழுதிய கணினி நிரலைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், பிழை அகப்படவில்லை. யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

கொட்டாஞ்சேனைக்காரன்:

ஜூலை, ஓகஸ்ட் என்றால் அங்கே கரீஃப் காலம் இல்லையா? தென்மேற்குப் பருவக்காற்றில் சலாலா பக்கம் முழுக்கப் பனிமூட்டமும் தூறலுமாக இருக்கும், வளைகுடா நாடுகளில் இருக்கிற சனமெல்லாம் பச்சை பார்க்க அங்கேதான் போகும். அந்தத் தூறலில் மண் நனைந்திருக்கும், இதற்கு ஏன் இவ்வளவு யோசனை.

தெமட்டகொட ரிஸ்வான்:

தம்பி, கரீஃப் மலையின் கடல் பக்கத்தோடு சரி. நான் அந்தப் பக்கம் நில அளவை வேலை செய்தவன். சலாலாவிலிருந்து தும்ரைத் போகும் ரோட்டில் மலை ஏறும்வரை முகில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வரும், வைப்பர் போடாமல் ஓட்ட முடியாது. உச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான், கத்தியால் வெட்டியது மாதிரி பச்சை முடிந்துவிடும், அதற்கு அங்கால் சாம்பிராணி மரம், அதற்கும் அங்கால் ஒன்றுமே இல்லை. தங்கச்சி சொல்லும் சமவெளியில் ஓகஸ்டில் வாகனத்தை விட்டு இறங்கினால் சப்பாத்து அடி உருகும்.

தங்கச்சிக்கு உதவுமோ தெரியாது, ஒன்று சொல்கிறேன். படத்தில் வெறும் மண் என்று தெரிவது உண்மையில் மண் இல்லை. மேலே மெல்லிய மணல், தூசு, பருக்கைக்கல். அடையாளக் கம்பி அடிக்கப் போனால் கொஞ்சம் இறங்கியதும் டக்கென்று சுண்ணக்கல்லில் நிற்கும். சில இடத்தில் ஒரு சாண்கூட இறங்காது.

மணல்மேடு:

ரிஸ்வான் நானாவின் கம்பி பதிலைச் சொல்லிவிட்டது. யாழினி, உங்கள் நிரலும் சரி, செய்மதியும் சரி. பாலைவனம் சுலபம் என்ற எடுகோள்தான் உதைக்கிறது. செடி இல்லை என்பது ஒரு தொல்லை குறைவு, அவ்வளவுதான், அந்த இடத்தில் வேறொரு தொல்லை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நுண்ணலை மண் ஈரத்தை உணர்வது மின்னுழைய மாறிலியால், ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இடங்கொடுக்கிறது என்று சொல்லும் எண் அது. தண்ணீருக்கு அது ஏறக்குறைய 80, காய்ந்த மணலுக்கு 3 அளவில்தான். ஈரம் கூடக் கூட மண்ணின் மாறிலி ஏறும், அலை மேற்பரப்பிலேயே பலமாகத் தெறிக்கும், பின்சிதறல் கூடும். வயலில், புல்வெளியில் இது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே மண்ணில் எப்போதும் கொஞ்சமாவது ஈரம் இருக்கும், சென்டினலின் சி பட்டை அலை, அலைநீளம் 5.5 சென்ரிமீற்றர், மேலாக ஓரிரு சென்ரிமீற்றர் போனதும் அடங்கிவிடும். முழுக்கக் காய்ந்த மணலில் அலையை உறிஞ்ச எதுவுமே இல்லை. அது பாட்டுக்கு உள்ளே போய், கீழே கிடக்கும் கல்லிலோ பாறையிலோ பட்டு, திரும்பியும் வந்துவிடும். தெளிந்த ஓடையில் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிவதும், தண்ணீர் கலங்கியவுடன் மறைவதும் போலத்தான், இங்கே கலக்குவது ஈரம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விசயமும் இல்லை. 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடம் இரண்டாவது தடவை பறந்தபோது சிர்-ஏ என்று ஒரு எல் பட்டை ராடரை, சி பட்டையை விட அலைநீளம் கூடியது, கொண்டுபோனார்கள். எகிப்தின் தெற்கு, சூடானின் வடக்கு, சகாராவிலேயே மிகவும் காய்ந்த பகுதி, செலீமா மணற்பரப்பு. தரையில் நின்று பார்த்தால் தட்டையான மணல். ராடர் படத்தில் அதன் கீழே புதைந்துபோன பழைய ஆறுகளின் படுகைகள் கிளை கிளையாகத் தெரிந்தன. அன்றைக்கு அது புவியியலாளருக்குப் பெரிய பரிசு. ஈரம் அளக்க வந்த எங்களுக்கு அதே பரிசுதான் தலையிடி.

இப்போது உங்கள் வரைபுக்கு வாருங்கள். ராடருக்குத் திரும்பி வருவது இரண்டின் கூட்டுத்தொகை. ஒன்று மேற்பரப்பிலிருந்து வருவது, ஈரம் கூடினால் கூடும். மற்றது அடியிலிருந்து வருவது, ஈரம் கூடினால் நடுவில் உறிஞ்சப்பட்டுக் குறையும். மண் முழுக்கக் காய்ந்திருக்கும்போது இரண்டாவதின் கை ஓங்கியிருக்கும். கொஞ்சம் நனைந்தாலே அது சட்டென்று இறந்துவிடும், மேற்பரப்புப் பங்கோ இன்னும் பெரிதாக எழும்பியிருக்காது, ஆகவே மொத்தம் விழும். நன்றாக நனைந்தால்தான் மேற்பரப்புப் பங்கு எழும்பி மொத்தத்தைத் தூக்கும். அதாவது ஈரத்துக்கு எதிராகப் பின்சிதறலை வரைந்தால் கோடு நேராக ஏறாது, முதலில் இறங்கி ஒரு பள்ளத்தைத் தொட்டுவிட்டுப் பிறகுதான் ஏறும்.

மெகுனு கொட்டித் தீர்த்தது, நீங்கள் பள்ளத்தின் வலப்பக்க மேட்டுக்குப் போய்விட்டீர்கள். காயத் தொடங்கியதும் பள்ளத்துக்குள் இறங்கினீர்கள், புயலுக்கு முந்திய அளவை விடக் கீழே போனது அதனால்தான். ஜூலை, ஓகஸ்டில் ஏறியது மிச்சமிருந்த ஈரமும் போய் அடிக்கல் திரும்பத் தெரியத் தொடங்கியதால். ஒக்டோபர் வீழ்ச்சிக்கும் காரணம் தேட வேண்டாம், 2018 ஒக்டோபர் நடுவில் லுபான் புயல் யேமன் கரையைத் தொட்டது, சலாலா இருக்கும் தொஃபார் மாகாணத்துப் பக்கமும் மழை. வடக்கே பெரிய மணல்மேட்டில் ஏன் தட்டை என்றால், அங்கே மணல் மிகவும் ஆழம், உள்ளே போகும் அலைக்குத் திருப்பி அனுப்ப அடியில் ஒன்றும் இல்லை.

ஐரோப்பாவின் மெட்ஓப் வானிலைச் செய்மதிகளில் இருக்கும் அஸ்காட் என்ற ராடர் கருவியிலும் இதே கதைதான், அதுவும் சி பட்டை. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முறையில் ஒவ்வொரு இடத்துக்கும் வரலாற்றிலேயே குறைந்த பின்சிதறலை வறட்சி என்றும் கூடியதை நிறைவீரம் என்றும் வைத்து இடையில் அளவிடுகிறார்கள். பாலைவனத்தில் இந்த இரண்டு முனையும் இடம் மாறிவிட்டால் வறட்சிதான் நிறைவீரமாகத் தெரியும். இதை ஆராய்ந்து விளக்கியவர்களும் அதே வியன்னா ஆட்கள்தான்.

வெள்ளவத்தை யாழினி:

மணல்மேடு அண்ணா, ரிஸ்வான் நானா, மிகவும் நன்றி. பள்ளம் என்று சொன்னதும் வரைபு முழுக்க விளங்கிவிட்டது. ஆனால் இப்போது பயமாக இருக்கிறது. ஒரே பின்சிதறல் அளவுக்கு இரண்டு ஈரப்பதன் விடை வரும் என்றால் நான் ஒன்றையுமே அளக்க முடியாதே? ராடரை விட்டுவிட்டு, ரேடியோமீட்டரால் மண் ஈரம் அளக்கும் ஸ்மாப் செய்மதிக்கு மாறட்டுமா? தலைப்பு பதிந்தாகிவிட்டது, இடத்தை மாற்ற விட மாட்டார்கள்.

பம்பலப்பிட்டி நிரோ:

ஸ்மாப்தான் என் கட்சி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற வேண்டாம்.

ராடர் அலையை அனுப்பித் திரும்ப வருவதை எண்ணுகிறது. ரேடியோமீட்டர் ஒன்றையும் அனுப்பாது, நிலம் தானாகக் காலும் நுண்ணலையை 1.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் கேட்டுக்கொண்டிருக்கும். காய்ந்த மண்ணின் காலற்றிறன், அதாவது அந்த வெப்பநிலையில் காலக்கூடிய உச்ச அளவில் நிலம் காலும் பங்கு, 0.95 அளவு, நன்றாக நனைந்தால் 0.6 வரை இறங்கும். 300 கெல்வின் நிலத்துக்கு அது 100 கெல்வின் வித்தியாசம், தவறவிட முடியாத சமிக்ஞை. இதைச் செய்யத்தான் ஐரோப்பா 2009 நவம்பரில் ஸ்மோஸை ஏவியது, நாசா 2015 ஜனவரியில் ஸ்மாப்பை ஏவியது. ஸ்மாப்பில் ராடரும் ஒன்று இருந்தது, இரண்டையும் சேர்த்து நுணுக்கமான படம் தருவதுதான் திட்டம். அந்த ராடர் 2015 ஜூலையில் செத்துப்போனது, 6 மீற்றர் அன்டெனாவும் ரேடியோமீட்டரும் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆக உங்களுக்குக் கிடைப்பது 40 கிலோமீற்றர் அகலப் பார்வை, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை. சென்டினலில் தனித்தனி ஓடை தெரியும், இதில் ஓடையும் சமவெளியும் மேடும் ஒரே குழம்பு.

பாலைவனத்தில் இதற்கும் ஒரு வியாதி உண்டு. காலல் எந்த ஆழத்திலிருந்து வருகிறதோ அந்த ஆழத்தின் வெப்பநிலை தெரிந்தால்தான் காலற்றிறன் கணக்கிடலாம். ஈர மண்ணில் மேல் 5 சென்ரிமீற்றர். காய்ந்த மணலில் இன்னும் கீழேயிருந்து வருகிறது, அங்கே பகல் வெப்பம், இரவுக் குளிர் எதுவும் உடனே எட்டாது. மேற்பரப்பு வெப்பநிலையைப் போட்டால் கணக்கு வழுக்கும். அதனால் செய்மதி காலை 6 மணிக்குக் கடக்கும்போது எடுத்த தரவை எடுங்கள், மாலை 6 மணிக் கடப்பை இரண்டாம் பட்சமாக வையுங்கள்.

இலக்கத்தை அப்படியே நம்பவும் வேண்டாம். ஸ்மாப்புக்கு வைத்த துல்லிய இலக்கே ஒரு கனமீற்றர் மண்ணுக்கு 0.04 கனமீற்றர் தண்ணீர் வரை பிழை. உங்கள் இடத்து மண்ணில் மழையில்லா நாளில் இருக்கும் மொத்த ஈரமே அந்தளவுதான். 0.03 ஆ 0.05 ஆ என்று சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. எப்போது நனைந்தது, எவ்வளவு விரைவாகக் காய்ந்தது, இந்த இரண்டையும் கேளுங்கள், அதற்கு நேர்மையான பதில் வரும்.

பெரியதம்பி, வவுனியா:

நான் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், இப்போது மகளோடு கொழும்பில். பிள்ளைகள் கதைப்பது பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை. எங்கள் காலத்தில் மண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பார்ப்போம், உருண்டால் விதைக்கலாம், உதிர்ந்தால் பொறு. சரி, வயலுக்கு ஈரம் பார்ப்பது நியாயம். ஒரு புல்லும் முளைக்காத இடத்தில் ஈரம் எவ்வளவு என்று 700 கிலோமீற்றர் உயரத்தில் இருந்து பார்த்து யாருக்கு என்ன? இதே வேலையை மன்னாருக்கோ அம்பாந்தோட்டைக்கோ செய்தால் நாட்டுக்காவது உதவுமே.

பம்பலப்பிட்டி நிரோ:

ஐயா, முதலாவதுக்கு என் பதில் வெட்டுக்கிளி.

பாலைவனப் பெண் வெட்டுக்கிளி முட்டையிடுவது ஈர மணலில், 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில். காய்ந்த மணலில் முட்டை தப்பாது. யாழினி சொன்ன அதே மெகுனு, பின்னால் வந்த லுபான், இரண்டும் சேர்ந்து ரூப் அல் காலி என்ற ஆளில்லாப் பாலைவனத்தை நனைத்துவிட்டுப் போயின. மணல்மேடுகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கியது, பச்சை முளைத்தது, யாரும் எட்டிப் பார்க்க முடியாத அந்த இடத்தில் வெட்டுக்கிளி மூன்று தலைமுறை பெருகியது. 2019 இல் யேமன், பிறகு ஆபிரிக்காவின் கொம்பு, 2020 இல் கென்யாவும் ராஜஸ்தானும். ஜெய்ப்பூர் நகரத்துக்குள்ளேயே கூட்டமாக வந்தது. அந்த வருடம் குருநாகல் மாவதகமவிலும் வெட்டுக்கிளி என்று நாங்கள் பதறினோமே, அது வேறு இனம், ஆனால் பயம் வந்த வழி இதுதான்.

எங்கே மணல் நனைந்தது என்று தெரிந்தால் உணவு விவசாய ஸ்தாபனத்தின் ஆட்கள் கூட்டம் பறக்க முன்னரே அங்கே போய்ப் பார்க்கலாம். இதற்காகவே ஐரோப்பிய விண்வெளி முகமை ஸ்மோஸ் தரவை மோடிஸ் என்ற செய்மதிக் கருவியின் தாவர, வெப்பநிலைத் தரவோடு கலந்து 1 கிலோமீற்றர் வரைபடம் தயாரித்துப் பார்த்தது. தூசுப் புயலும் அப்படித்தான், மேல்மண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே காற்று மணலைக் கிளப்ப அதிக வேகம் வேண்டும்.

மன்னார் பற்றி: எங்கள் நாடு மொத்தம் 65,610 சதுர கிலோமீற்றர். ஸ்மாப்பின் 36 கிலோமீற்றர் கட்டத்தால் பிரித்தால் ஏறக்குறைய 50 கட்டம். அதில் கரையோரம் இருப்பதில் எல்லாம் கடல் கலந்துவிடும், மன்னார்த் தீவு முழுதாகவே ஒரு கட்டத்துக்குள் கடலோடு சேர்ந்து அடங்கிவிடும். நீங்கள் கேட்பதற்கு சென்டினல்தான் சரி, அதற்கு வேறு திரி தொடங்குவோம் ஐயா, உங்கள் அனுபவமும் வேண்டும்.

பெரியதம்பி, வவுனியா:

வெட்டுக்கிளிக் கணக்கு ஏற்கக்கூடியது. திரியைத் தொடங்குங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன்:

கரீஃப் என்று அடித்துவிட்டதற்குப் பரிகாரமாக செய்முறை சொல்கிறேன், செய்மதித் தரவைக் கணிக்கும் கூகுள் எர்த் எஞ்சின் தளத்தில் தினமும் மாரடிப்பவன் நான்.

யாழினி, ராடரை விடவும் வேண்டாம், இடத்தை மாற்றவும் வேண்டாம், ஈரப்பதன் வரைபடம் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். ஒவ்வொரு பிக்சலிலும் பின்சிதறலுக்கும் ஈரா5-லாண்ட் என்ற மாதிரித் தரவின் மேல்மண் ஈரத்துக்கும் இணைபு எடுங்கள், அதாவது ஒன்று கூடும்போது மற்றது கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். நேர்க்குறி வரும் இடத்தில் பாடப் புத்தகம் செல்லும், மறைக்குறி வரும் இடத்தில் அடிக்கல் பேசுகிறது. அந்தக் குறி வரைபடம்தான் உங்கள் ஆய்வு. ரிஸ்வான் நானாவின் கம்பி இறங்கிய இடம், இறங்காத இடம் இரண்டும் அதில் பிரிந்து வருகிறதா என்று பார்த்தால் அது சும்மா ஈரப்பதன் படத்தை விட எவ்வளவோ மேல். மழை நாளைப் பிடிக்க நாசாவின் செய்மதி மழைத் தரவான ஐமேர்க் எடுங்கள், அரை மணிக்கொரு தரவு, 0.1 பாகைக் கட்டம்.

அப்புறம் கவனிக்க வேண்டியவை. எர்த் எஞ்சினில் சாதாரணத் தொகுப்பில் வருவது மடக்கை அளவான டெசிபெல், அதை அப்படியே சராசரி எடுத்தால் பிழை, நேரியல் அளவுக்கு மாற்றி எடுத்துவிட்டுத் திரும்ப டெசிபெல்லாக்குங்கள். செய்மதி வடக்கே போகும் ஏறுபாதை, தெற்கே வரும் இறங்குபாதை இரண்டையும் கலக்கவே கலக்காதீர்கள், படுகோணம் மாறினால் ஒரு மேட்டின் முகம் மின்னும், மறு முகம் இருளும், அது ஈரமும் இல்லை ஒன்றும் இல்லை. செங்குத்தாக அனுப்பிக் கிடையாகப் பெறும் வீஎச் பக்கம் போக வேண்டாம், மென்மையான மணலில் சமிக்ஞை சென்டினலின் இரைச்சல் தரைக்கு, அதாவது கருவியின் சொந்த இரைச்சல் அளவான -22 டெசிபெல்லுக்கு, பக்கத்திலும் கீழேயும் கிடக்கும், நீங்கள் கருவியின் இரைச்சலுக்கு வரைபு போட்டுக்கொண்டிருப்பீர்கள். வடக்கில் தட்டையாக வந்தது வீவீயிலேயே இந்த இரைச்சல் தரையைத் தட்டியதாலா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

மணல்மேடு:

குறி வரைபடம் நல்ல யோசனை, இதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சேர்க்கை: மழைக்குப் பிந்திய முதல் ஒன்றிரண்டு படங்களை இணைபு எடுக்கும்போது தனியாக வையுங்கள். பள்ளத்தின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று வெட்டி, இணைபு பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து, இங்கே ஒன்றுமில்லை என்று காட்டிவிடும்.

வெள்ளவத்தை யாழினி:

குறித்துக்கொண்டேன். 2025 ஜூலையில் நாசாவும் இஸ்ரோவும் ஏவிய நிசார் எல் பட்டையிலும் எஸ் பட்டையிலும் தருகிறது என்கிறார்களே, எல் பட்டைக்குப் போனால் இந்தச் சிக்கல் குறையுமா?

மணல்மேடு:

குறையும் என்று எழுதிவிடாதீர்கள். எல் பட்டை அலைநீளம் 24 சென்ரிமீற்றர், காய்ந்த மணலில் இன்னும் ஆழம் போகும், செலீமாவில் ஆறு பார்த்ததும் எல் பட்டைதான். சின்னப் பருக்கைக்கல்லை அது அவ்வளவாகக் கவனிக்காது, ஆனால் ஆழத்தில் இருக்கும் பாறைத் தட்டைப் பார்த்துவிடலாம். இடத்துக்கு இடம் மாறும். சி, எஸ், எல் மூன்று பட்டையிலும் ஒரே சமவெளியில் குறி எப்படி மாறுகிறது என்று பார்த்தால் அடிக்கல் எந்த ஆழம் என்றுகூட ஊகிக்கலாம், அது அடுத்த ஆளின் ஆய்வுக்கு இருக்கட்டும். முதலில் வீவீயை ஏறுபாதை தனியாக, இறங்குபாதை தனியாகப் போட்டு இங்கே ஏற்றுங்கள், நானாவும் பார்த்து இடத்தைச் சொல்லட்டும்.

தெமட்டகொட ரிஸ்வான்:

ஏற்றுங்கள் தங்கச்சி. தும்ரைத்துக்கு வடக்கே ரோட்டின் கிழக்குப் பக்கம் கம்பி இறங்காத இடங்கள் எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது, வரைபடத்தில் குறித்துத் தருகிறேன்.